வளர்ந்த பிள்ளை 'போகமாட்டேன்' என்றால்

பெற்றோர் பிரிந்தபின், 14 வயதுப் பிள்ளை அப்பாவைப் பார்க்க மறுத்தால், கோர்ட் உத்தரவைக் காட்டி இழுத்துப் போகாதீர்கள். 'அவனுக்கே இஷ்டமில்லை' என்று நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் 17-வது பிரிவு, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறதே தவிர, முடிவைப் பிள்ளையின் தலையில் சுமத்தவில்லை. மாற்றும்வரை உத்தரவு உத்தரவுதான். ஆகவே குடும்ப நல நீதிமன்றத்தில் மாற்றக்கோரி மனு போடுங்கள். ஆலோசகர் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். நேரில் பார்ப்பதைக் குறைத்து, வீடியோ அழைப்பைக் கூட்டும்படியும் கேட்கலாம். அதையும் ஓர் உரிமையாக உச்ச நீதிமன்றம் 2020-இல் குறிப்பிட்டது.

'அம்மாதான் மனதைக் கெடுத்துவிட்டாள்' என்பார்கள். சில வீடுகளில் அது உண்மையே. ஆனால் பரீட்சை, நண்பர்கள், பழைய பயம் எனக் காரணம் வேறாகவும் இருக்கலாம். அடி, மிரட்டல் என்றால் உடனே நீதிமன்றத்தில் சொல்லுங்கள்.