குழந்தைகளுடன் எகிப்துக்கா? பத்து பயனுள்ள குறிப்புகள்

பிரமிடைப் பார்க்கக் குழந்தைகளுக்கு ஆசை; செய்திகளைப் பார்த்துப் பெரியவர்களுக்குப் பயம். 1997-இல் லக்சரில் சுற்றுலாப் பயணிகள் மீது நடந்த தாக்குதலை உலகம் மறக்கவில்லை. அதன்பின் எகிப்தில் சுற்றுலாத் தலங்களின் காவல் வெகுவாகக் கூடியிருக்கிறது. நம் பங்குக்கு முன்யோசனையும் இருந்தால் நிம்மதியாகப் போய்வரலாம்.

1. கெய்ரோ, லக்சர், அஸ்வான், ஹுர்கடா ஆகியவை குடும்பங்கள் வழக்கமாகப் போகும் ஊர்கள். வடக்கு சினாய், லிபிய எல்லைப் பக்கம் போகவே வேண்டாம். டிக்கெட் எடுக்கும் முன்பும், கிளம்பும் வாரத்திலும் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

2. நம் கோடை விடுமுறையில் லக்சரிலும் அஸ்வானிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அரையாண்டு விடுமுறையே குழந்தைகளுக்கு ஏற்றது.

3. பயணக் காப்பீடு எடுக்கும்போது, தாக்குதல் அல்லது கலவரத்தால் பயணம் தடைப்பட்டால் பணம் கிடைக்குமா என்று கேட்டு, பாலிசியிலும் படித்து உறுதிசெய்யுங்கள். பல பாலிசிகளில் இவற்றுக்கு விலக்கு உண்டு.

4. சுற்றுலாக் காவல் 126, ஆம்புலன்ஸ் 123, போலீஸ் 122. இவற்றோடு கெய்ரோ இந்தியத் தூதரகத்தின் எண்ணையும் போனிலும் ஒரு தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. சாலைச் சோதனைச் சாவடிகளிலும் கோயில் வாசல்களிலும் துப்பாக்கி ஏந்திய காவலர்கள் நிற்பார்கள். "இந்த மாமாக்கள் நமக்குக் காவலுக்கு நிற்கிறார்கள்" என்று ஊரிலேயே சொல்லிவைத்தால் பிள்ளைகள் மிரள மாட்டார்கள்.

6. பொம்மைத் துப்பாக்கியைப் பெட்டியில் வைக்காதீர்கள். அனுமதியில்லாமல் ட்ரோன் கொண்டுபோவது அங்கே குற்றம். பைனாகுலரும் விமான நிலையத்திலேயே சிக்கலில் மாட்டிவிடலாம்.

7. காவலர்கள், ராணுவ வண்டிகள், சோதனைச் சாவடிகள் எதையும் படம் எடுக்கக் கூடாது. காரில் பிள்ளையின் கையில் போன் இருந்தால், சாவடி வருமுன் வாங்கி வைத்துவிடுங்கள்.

8. தங்கும் விடுதியின் அரபு மொழி விசிட்டிங் கார்டின் பின்பக்கம் உங்கள் போன் எண்ணை எழுதி, குழந்தையின் சட்டைப்பையில் ஊக்கு குத்தி வையுங்கள். நுழையும் இடமெல்லாம், பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்று பேசிவிடுங்கள். கர்னாக் கோயில் குளத்தருகே இருக்கும் பெரிய கல் வண்டுச் சிலை, சின்னப் பிள்ளைக்கும் மறக்காத அடையாளம்.

9. அன்றாடம் அதிகம் அஞ்ச வேண்டியது சாலையைத்தான். இரவில் நெடுந்தூரக் கார் பயணம் வேண்டாம். சீட் பெல்ட் உள்ள வண்டியாகக் கேளுங்கள். குழந்தை இருக்கையை இங்கிருந்தே கொண்டுபோவது நல்லது. அஸ்வானிலிருந்து அபு சிம்பல் சுமார் 280 கிலோமீட்டர். விடியுமுன் எழுப்பிக் கூட்டிப்போவதைவிட, கைக்குழந்தையோடு விமானத்தில் போவது மேல்.

10. குழாய்த் தண்ணீரைப் பல் துலக்கவும் தராதீர்கள். நைல் நதியில் கால் நனைக்கவும் விடாதீர்கள். தோல் வழியாக உள்ளே போகும் புழு நோய் அந்த நீரில் உண்டு. சாப்பாட்டுக்குக் கவலையில்லை: அரிசி, பருப்பு, மக்ரோனி கலந்த கொஷாரி எங்கும் கிடைக்கும். காரச் சாறைத் தனியாக வைக்கச் சொன்னால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். சூடாகப் பரிமாறும் கடையாகப் பார்த்து உட்காருங்கள்.