ஒரு வெள்ளிக் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும்



"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்! எதுக்குக் கிளினிக்குப் போயி ஒரு நாளை வீணாக்கணும்?"

பிரட்டுக்களத்தில் இந்தப் பேச்சை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! ரத்தக் கொதிப்பு உள்ளவர்களே இப்படிச் சொல்வதுதான் வேதனை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். ரத்தக் கொதிப்போ சத்தம் போடாத நோய். பல வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகக் கோளாறாகவோ வெளிப்படும். 2023-ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 29 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. 100-க்கு ஏறக்குறைய 16 பேருக்கு இனிப்பு நீர் இருக்கிறது.

அப்படியிருந்தும் மனிதன் வைத்தியரிடம் போக ஏன் தயங்குகிறான்? சோம்பலா? அறியாமையா? அல்லது காசா? காசுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதைக் கண்டறிய அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனையே நடத்தினார்கள். அதன் பாடம் நமக்கும் உதவும்.

சோதனை சொன்னது என்ன?

ரேண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம், ஜோசப் நியூஹவுஸ் என்ற பொருளாதார அறிஞரின் தலைமையில், 1974 முதல் 1982 வரை இந்தச் சோதனையை நடத்தியது. ஆறு ஊர்ப்பகுதிகளில் 2,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதில் சேர்ந்தன. யாருக்கு எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு வைத்தியம் முழுக்க இலவசம். வேறு சில பிரிவினர் வைத்தியச் செலவில் 100-க்கு 25, 50 அல்லது 95 வீதம் தங்கள் பையிலிருந்து கட்ட வேண்டும். ஆனால் ஓர் ஆண்டில் இவ்வளவுக்கு மேல் கட்ட வேண்டியதில்லை என்று வரம்பும் வைத்தார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை இவர்களைக் கவனித்தார்கள்.

கையில் காசு கட்ட வேண்டியவர்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை குறைவாக வைத்தியரிடம் போனார்கள். ஆஸ்பத்திரியில் படுப்பதும் 100-க்கு 20 குறைந்தது. "நல்லதுதானே, வீண் செலவு மிச்சம்" என்று தோன்றலாம். ஆனால் குறைந்தது வீண் செலவு மட்டுமல்ல. தேவையில்லாத வைத்தியம் எவ்வளவு குறைந்ததோ, தேவையான வைத்தியமும் ஏறத்தாழ அவ்வளவே குறைந்தது. எது தேவை, எது தேவையில்லை என்பது வீட்டில் உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு எப்படித் தெரியும்?

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். சராசரியாகப் பார்த்தால், பெரும்பாலோரின் உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ரத்தக் கொதிப்பு உள்ள ஏழைகளுக்கு வித்தியாசம் இருந்தது. இலவசப் பிரிவில் இருந்தவர்களுக்குக் கொதிப்பு நன்றாகக் கட்டுப்பட்டது. அடிக்கடி போனார்கள், அதனால் நோய் கண்டுபிடிக்கப்பட்டது, மருந்தும் கிடைத்தது. கண் பார்வையும் பல்லும்கூட அவர்களுக்கு மேம்பட்டன.

கதவு திறந்தால் மட்டும் போதுமா?

அதே அமெரிக்காவில், 2008-ல் ஓரிகன் மாநில அரசு, ஏழைகளுக்கான வைத்தியக் காப்புறுதியில் இடம் கொடுக்கச் சீட்டுக் குலுக்கியது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். இடம் கிடைத்தவர்களுக்குப் பெரும் வைத்தியக் கடன் பயம் ஏறத்தாழ ஒழிந்தது. மனச்சோர்வு குறைந்தது. இனிப்பு நீர் அதிகம் பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் ரத்தக் கொதிப்பு அளவும் சர்க்கரை அளவும் குறிப்பிடும்படி இறங்கவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது: காப்புறுதி அட்டை கதவைத் திறந்துவிடும். உள்ளே தகுந்த மருந்தும், மறுபடி மறுபடி சோதனையும், நம்முடைய ஒழுங்கும் சேர்ந்தால்தான் கொதிப்பு இறங்கும்.

நம் நிலைமை

"நம்மகிட்ட யாரு 100-க்கு 95 கேக்கிறாங்க? கவர்மெண்ட் கிளினிக்குல ஒரு வெள்ளிதானே!" என்பீர்கள். சரிதான். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் சாதாரணச் சிகிச்சைக்கு 1 வெள்ளிதான். இது நாம் கட்டிக்காக்க வேண்டிய பெரும் செல்வம். ஆனால் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும் செலவு? பால் வெட்டாத, குலை வெட்டாத அந்த நாளின் சம்பளம்? இவையும் வைத்தியக் கட்டணம்தான். நம் பக்கத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழருக்கோ கிளினிக் கட்டணமே பல மடங்கு அதிகம். அவர் நோயை மறைத்தால் அதிசயமில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தக் கொதிப்பைப் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் பயப்பட வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம். மறுபடி சோதித்து வைத்தியர் சொல்படி நடங்கள். அளவை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

2. அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயது தாண்டியவர்களுக்கும் அவர்கள் துணைக்கும், 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. கிளினிக்கில் கேளுங்கள்.

3. "கொதிப்பு எறங்கிடுச்சு" என்று மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். இறங்கியது மாத்திரையால்தான்.

4. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, நாள் சம்பளக்காரருக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு வருடம் 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை. வைத்தியரின் எம்.சி. வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இல்லையென்றால் சொல்லாமல் நின்றதாகிவிடும்.

5. வெறும் சோதனைக்குப் போனால் எம்.சி. கிடைக்காமல் போகலாம். அங்கேதான் சம்பளம் போகிறது. ஆகவே தோட்டக் கமிட்டி மூலம் நிர்வாகத்திடம் பேசுங்கள்: சோதனைக்குச் சேர்ந்து போக வண்டி, அல்லது தோட்டத்துக்கே வந்து சோதிக்க ஏற்பாடு. கேட்டால்தான் கிடைக்கும்.

சீர்திருத்தம் பேசும்போது

2023 ஜூன் மாதம் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றது. வைத்தியச் செலவை யார், எப்படி ஏற்பது என்ற பேச்சும் அதில் அடக்கம். இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் தொழிலாளி இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஒன்று: இந்தத் திட்டத்தால் வாசலோடு திரும்பிப் போகிறவன் யார்? இரண்டு: உள்ளே போனவனுக்குக் கொதிப்பு இறங்கியதா? இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால்தான் அது நல்ல திட்டம்.

தோழர்களே, நாளைக்குப் பிரட்டில் யாராவது "நல்லாத்தானே இருக்கேன்" என்றால் சண்டை போடாதீர்கள். "சரிண்ணே, உங்க பிரஷர் எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், அவரைக் கையோடு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.