டெட்ராய்ட் இல்லத்தரசிகள்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்தும் கடைகளைத் தேடிச் சென்று வாங்க வேண்டும் என்கிறார்களே, இது தர்மம் செய்வதற்கு ஒப்பாகாதா?

பதில்: ஒப்பாகாது. பொருளாதார மந்தத்தால் டெட்ராய்ட் நகரத்துத் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்து, அவர்களில் கறுப்பினத் தொழிலாளரே முன்னதாக வேலையிழந்து தவித்த 1930-ஆம் ஆண்டில், பாதிரியார் ஒருவரின் மனைவியான ஃபேனி பெக் அம்மையார் 50 பெண்மணிகளைக் கூட்டி ஆரம்பித்த இல்லத்தரசிகள் சங்கம், குடும்பத்தின் அன்றாடச் செலவு பெரும்பாலும் ஸ்திரீகளின் கை வழியாகவே நடக்கிறது என்ற உண்மையை உணர்ந்து, அந்தப் பணத்தைத் தம் இனத்து வியாபாரிகளிடமும் வைத்தியர்களிடமும் செலவிடுவதென்று பிரதிக்ஞை செய்துகொண்டது. நான்கைந்து ஆண்டுகளில் அங்கத்தினர் தொகை 10,000 ஆயிற்று! இதில் யாசகமும் இல்லை, தயவும் இல்லை. நிறத்தைக் காட்டி வங்கிகள் கடன் மறுத்த அக்காலத்தில், மாதந்தோறும் தவறாமல் வந்து ரொக்கம் கொடுக்கும் வாடிக்கையாளரே அவ்வியாபாரிக்கு மூலதனம். வியாபாரி நிலைத்தால் அவருடைய தெருவின் வாலிபர் சிலருக்கு உத்தியோகமும் நிலைக்கும். இப்படித் தேடிச் சென்று வாங்குவதை விளம்பரத்துக்காக ஒருநாள் செய்துவிட்டு மறப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்காவுக்குச் செல்வீர்களாயின் அத்தகைய கடையில் பேரம் பேசாமல் உரிய விலையைக் கொடுங்கள். சரக்கு திருப்தியளித்தால் மறுபடியும் அங்கேயே செல்லுங்கள்.