தை, மாசியில் தோட்டத்து வேலைகள்

1. காலைப் பனி இருக்கும்போதே தைப்பட்ட விதைப்பை முடித்துவிடுங்கள். வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பீர்க்கு, தர்பூசணி எல்லாம் இப்போது போட்டால் நன்றாக வரும். பங்குனி வெயிலில் முளைக்கும் நாற்றுக்கு வேர் இறங்க நேரம் கிடைக்காது, பாவம்.

2. வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு தொட்டிக்கு இரண்டாகப் போட்டு, வலுவான ஒன்றை மட்டும் விடுங்கள். ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம். இலை நரம்பு மஞ்சளாகும் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். அது தேமல் நோய். வெள்ளை ஈ மற்ற செடிகளுக்கும் கொண்டுபோய்விடும்.

3. மூடாக்கு போட இதுதான் நேரம். கோடையில் செடி காய்வதற்குத் தண்ணீர் குறைவதைவிட வெறும் மண் சுடுவதே பெரிய காரணம் என்பது என் அனுபவம். பொங்கல் முடிந்ததும் கரும்புத் தோகையை வீசாதீர்கள். சாண் நீளத்துக்கு நறுக்கி, தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளிப் பரப்புங்கள். மாசியில் வேம்பு இலை உதிர்க்கும். அந்தச் சருகையும் கூட்டி அள்ளி மேலே போடலாம். தேங்காய் மட்டை இருந்தால் அதையும் வையுங்கள், ஊற்றும் தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

4. பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தில் இலை காய்ந்ததும் வெட்டிவிட்டு, கிழங்கை நிழலில் மணலுக்குள் வையுங்கள். வைகாசியில் நடலாம்.

5. மாமரம் பூத்திருக்கும்போது கிளையை வெட்ட வேண்டாம், தண்ணீரும் பாய்ச்ச வேண்டாம். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்தபிறகு பாய்ச்சினால் போதும்.

6. குண்டுமல்லியைக் கவாத்து செய்யக் கார்த்திகைதான் காலம். தவறவிட்டவர்கள் இப்போது கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், பூ தள்ளிப்போகும். மக்கிய தொழு உரம் இரண்டு கை வைத்து, மண்ணைக் கிளறிவிட்டால் போதும்.

7. அவரைக்குப் பருவம் முடிகிறது. நல்ல கொடியில் நாலு காயைக் கொடியிலேயே முற்றி உலரவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தால் ஆடிக்கு ஆகும்.

8. வெயில் ஏற ஏறச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அடையும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெயில் நேரத்தில் அடித்தால் இலை கருகும்.

9. மொட்டை மாடிக்காரர்கள் மாசி முடிவதற்குள் நிழல்வலைக்குக் கம்பு நட்டுவிடுங்கள்.