வரப்போகும் பட்டாவும் உன் கணக்கும்

உரும்பிராய்,
ஒக்ரோபர் 2025.

அன்புள்ள மருமகனுக்கு,

மரக்கறி ஏற்ற ஒரு பட்டா, அதுதான் டாட்டா ஏஸ் சிறு சுமைவண்டி, வாங்குவதென்று முடிவெடுத்து, புதிய ஏஸ் புரோ இங்கே என்ன விலைக்கு வரும், எந்த எஞ்சினில் எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். டீசல் பட்டா கிடைக்கும்வரை பொறுத்திருக்கலாம் என்பது உன் எண்ணம். எனக்கு அது சரியாகப்படவில்லை. நீ செய்யப்போகும் ஓட்டத்துக்குச் சிறிய பெற்றோல் எஞ்சினே பொருத்தம். டீசலின் பழைய இலாபக் கணக்கு இப்போது செல்லாது.

டீசல்தான் சுமை இழுக்கும் என்பது எங்கள் பக்கத்தில் ஊறிப்போன நம்பிக்கை. 2005இல் இந்தியாவில் வெளிவந்த முதல் ஏஸ் 702 சீசீ டீசல் வண்டி. 16 குதிரைவலு, 38 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. அந்த வண்டிதான் இத்தனை காலம் யாழ் குடாநாட்டுத் தோட்டங்களைச் சந்தையோடு இணைத்தது. 2025 ஜூனில் டாட்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏஸ் புரோ பெற்றோல் வண்டிக்கு 30 குதிரைவலு, 55 நியூட்டன் மீற்றர். ஏற்றக்கூடிய சுமை 750 கிலோ. செப்டெம்பரில் வந்த ஏஸ் கோல்ட் பிளஸ் டீசலுக்கும் முறுக்குவிசை அதே 55தான். சுமை மட்டும் 900 கிலோ. ஆக, டீசலுக்காக நீ கொடுக்கும் கூடுதல் பணம் வாங்கித் தருவது 150 கிலோ இடத்தையும் கொஞ்சம் எரிபொருள் மிச்சத்தையும்தான். மேடு பள்ளமில்லாத எங்கள் மண்ணில், உரும்பிராயிலிருந்து திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளுக்கு வெங்காயமும் பீற்றூட்டும் வாழைக்குலையும் கொண்டுபோக இதற்கு மேல் வலு தேவையில்லை.

எரிபொருள் மிச்சத்தையும் அளந்து பார். 2021 டிசெம்பரில் டீசல் 121 ரூபா, பெற்றோல் 177 ரூபா; இடைவெளி 56. 2022 ஜூனில் டீசல் 460, பெற்றோல் 470 என்று ஆனபோது இடைவெளி 10 ரூபாவாகச் சுருங்கிற்று. இன்றும் அது பழைய 56ஐத் தொடவில்லை. நாளுக்கு 50 கிலோமீற்றர் ஓடுகிறாய், பெற்றோல் வண்டி லீற்றருக்கு 16, டீசல் வண்டி 20 கிலோமீற்றர் தருகிறது என்று வைத்துக்கொள். பெற்றோலை 300 ரூபாவாகவும் டீசலை 280 ரூபாவாகவும் எடுத்தால் நாளுக்கு மிச்சம் 240 ரூபாவளவில். வருஷத்தில் 300 நாள் ஓடினாலும் 72,000 ரூபாதான். அறிமுக விலையில் இரண்டு வண்டிகளுக்கும் இந்தியாவில் ஒன்றரை இலட்சம் இந்திய ரூபா வித்தியாசம். இங்கே வந்து சேரும்போது அது ஐந்து இலட்சத்துக்குக் குறையுமென்று நான் நம்பவில்லை. அதை மீட்க ஏழு வருஷம் வேண்டும். லீசிங் வட்டியையும் சேர்த்தால் இன்னும் நீளும். கிழமைக்கு இரண்டு தரம் தம்புள்ளைக்கு ஓடுபவனுக்கு இந்தக் கணக்கு மாறும். ஆனால் அவனுக்கு வேண்டியது பட்டா அல்ல, லொறி.

ஏஸ் புரோவின் மின்சார வண்டியைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஒருமுறை சார்ஜ் செய்தால் 155 கிலோமீற்றர் என்கிறது நிறுவனம். சுமையோடு அதில் மூன்றிலொன்று குறைந்தாலும் பருத்தித்துறை போய்த் திரும்பப் போதும். தூரம் தடையில்லை. ஆனால் இந்தியாவிலேயே அறிமுக விலையில் பெற்றோல் வண்டி 3.99 இலட்சம் இந்திய ரூபாவாக இருக்க, மின்சார வண்டி 6.50 இலட்சம். பற்றரிக்கு எழுத்தில் உத்தரவாதமும் யாழ்ப்பாணத்திலேயே திருத்துமிடமும் முகவர் தந்தால் யோசி, இல்லாவிட்டால் விடு. இயற்கை எரிவாயுவிலும் ஓடும் மூன்றாவது வகை எங்களுக்கு உதவாது. அந்த வாயு அடிக்கும் நிலையம் இலங்கையில் இல்லை.

விலையில்தான் நீ அதிகம் ஏமாறுவாய் என்று பயப்படுகிறேன். இந்திய ரூபாவை எங்கள் ரூபாவாக்க 3.99 இலட்சத்தை மூன்றரையால் பெருக்கி 14 இலட்சம் என்று முடித்துவிடாதே. அந்த விலையில் இந்தியாவின் வரி உண்டு, ஏற்றுமதியில் அது கழியும் என்பாய். உண்மைதான். ஆனால் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதிக்கு மேல் சுங்கவரியும் மற்ற இறக்குமதித் தீர்வைகளும் ஏறி, எல்லாம் கூடிய தொகையின் மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரி விழுகிறது. முகவரின் இலாபம் அதற்கும் மேலே. கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்காதா என்றால், 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் முழுதாகத் திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில் பாவித்த வண்டிகளின் விலையே ஏறிக்கொண்டு போனது. டொலர் தட்டுப்பாடானால் அரசாங்கம் முதலில் மூடும் கதவுகளில் வாகனமும் ஒன்று.

அதனால் தை பிறக்கும்வரை மட்டும் பார். முகவரிடம் பதிவுச் செலவும் சேர்ந்த முழு விலையை எழுத்தில் கேட்டு வாங்கு. அது உன் கைக்கு எட்டாவிட்டால், இயக்கம் நன்றாயுள்ள பாவித்த பட்டா ஒன்றை நம்பிக்கையான மெக்கானிக்கோடு போய்ப் பார்த்து எடு. எதுவானாலும் மாதக் கட்டுப்பணம் உன் மோசமான மாதத்து வருமானத்துக்குள் அடங்க வேண்டும். மாரி வெள்ளத்தில் தோட்டம் நின்றுபோகும் மாதத்தை வைத்துக் கணக்குப் பார். லீசிங் கடதாசியில் கையெழுத்து வைக்க முன் அதை ஒருமுறை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் மாமா