நகையும் நட்பும்

புற்றுநோய்க்காகப் பெரிய அறுவை சிகிச்சை பெற்றவரின் உடல் தேறப் பல வாரங்கள் ஆகும். உள்ளம் தேற அதனினும் நாளாகலாம். அந்நாட்களில் நண்பராகிய நாம் செய்யத்தக்கது யாது?

வயிற்றில் அறுவை நிகழ்ந்தவர் சிரித்தால் தையல் வலிக்கும். அதற்காக அவர் சிரிக்காதிருக்க வேண்டுவதில்லை. சிறு தலையணை ஒன்றைத் தையலின்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டால் வலி குறையும். இருமிச் சளியை வெளியேற்றவும் அதுவே துணை. சளி தங்கினால் நிமோனியா வர இடமுண்டு.

மலையாள நடிகர் இன்னசென்ட் 2012இல் புற்றுநோய்க்கு ஆளானார். தம் அனுபவங்களைப் பின்னர் ‘கேன்சர் வார்டிலே சிரி’ என்னும் நூலாக்கினார். 2014இல் மக்களவைக்குத் தேர்வுபெற்ற அவர் 2023இல் மறைந்தார். நோய்க்கு மருந்து மருத்துவமே. நகைச்சுவை அச்சத்தின் பிடியைத் தளர்த்துகிறது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

இதற்கும் வரம்பு உண்டு. தம் நோயைப் பற்றி நோயுற்றவரே முதலில் நகைக்கட்டும். பின்னர் நாமும் சேர்ந்துகொள்ளலாம். அவர் அழ விரும்பும் நாளில் அருகிருந்தாலே போதும். “ஏதேனும் வேண்டுமா?” என்று வினவுவதினும், கஞ்சி கொண்டுசெல்லவும் மருத்துவமனைக்குத் துணைபோகவும் நண்பர்கள் முறைவைத்துக்கொள்ளுதல் நன்று. முதல் வாரத்தில் திரண்டு செல்லும் நாம் மூன்றாம் மாதத்திலும் மறவாது செல்வோமாக.