‘ஆவன செய்யப்படும்’: சட்டமன்ற உறுப்பினரின் அறிக்கையைப் படிக்கும் முறை

உலு யாம் வட்டாரத் தோட்டமொன்றில் தகவல் கூட்டத்தை முடித்துக்கொண்டு நாம் புறப்படும் வேளையில், முதிய அம்மையார் ஒருவர் நான்காக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். தொகுதி மக்களுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் அனுப்பியிருந்த செய்தி அறிக்கை அது. கால்வாய் துப்புரவு, தெருவிளக்கு, மருத்துவ முகாம், பள்ளிக்கு உதவி எனப் பல செய்திகள் அதில் இருந்தன. அம்மையாரின் விரல் கடைசி வரியில் நின்றது.

“ஐயா, எங்கள் லயத்து ஆட்கள் வீடு கேட்டுக் கொடுத்த மனுவைப் பற்றி ‘ஆவன செய்யப்படும்’ என்று போட்டிருக்கிறதாம். பேரன் படித்துச் சொன்னான். அப்படியென்றால் செய்தாகிவிட்டதா, இனிமேல்தான் செய்யப்போகிறார்களா?”

கேட்பதற்கு இது இலக்கண வினாவைப்போல் தோன்றலாம். அவருக்கோ அது வாழ்க்கை வினா. கணவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற கவலை அவரை வாட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு நாம் அளித்த விளக்கத்தையே சற்று விரித்து, இம்மாதப் பாடமாக வாசகர்களுக்கு வழங்குகிறோம்.

தோட்டமும் தொகுதியும்

நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டம் தனியோர் உலகமாக விளங்கியது. குடியிருக்கும் வீடு, குடிக்கும் தண்ணீர், மருந்து, ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம் ஆகிய யாவும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. குழாயில் நீர் வரவில்லையென்றால் கிராணியாரிடம் சொன்னோம். கூரை ஒழுகினால் தண்டல் வழியாகத் துரையின் காதுக்கு எட்டவைத்தோம். கேட்க வேண்டிய இடம் ஒன்றே; மறுத்தால் வேறு இடமும் இல்லை.

அந்த உலகம் மாறிவிட்டது. பால்மரம் நின்ற காடுகளில் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறின. தோட்ட மக்கள் பலர் பட்டணத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். ஆயினும் பழைய பழக்கம் நம்மை விட்டு முற்றாக நீங்கவில்லை. துரை இருந்த இடத்தில் சட்டமன்ற உறுப்பினரை வைத்துப் பார்க்கிறோம். இதனால் இருவகைத் தீங்கு விளைகிறது. அவரது அதிகாரத்திற்கு அப்பாற்பட்டதை அவரிடம் கேட்டு ஏமாறுகிறோம். அவரிடம் கேட்டே ஆகவேண்டியதைக் கேளாது விட்டுவிடுகிறோம்.

சட்டமன்ற உறுப்பினர் நமக்குத் துரையல்லர். நம் வாக்கினால் அனுப்பப்பட்ட பிரதிநிதி. ஆகவே அவர் அனுப்பும் அறிக்கையும் கொடைப் பட்டியலன்று. அது நமக்கு ஒப்புவிக்கப்படும் கணக்கு. கணக்கைப் படிக்கும் முறையில்தான் அதனைப் படிக்கவேண்டும்.

யார் எதற்குப் பொறுப்பு?

உலு யாம் வாக்காளர் பொதுத் தேர்தலில் உலு சிலாங்கூர் நாடாளுமன்ற உறுப்பினரையும், மாநிலத் தேர்தலில் பத்தாங் காலி சட்டமன்ற உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறார். உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் உலு பெர்ணம், கோல குபு பாரு, பத்தாங் காலி என மூன்று சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் புக்கிட் மெலாவாத்தி, ஈஜோக், ஜெராம் ஆகிய மூன்றும் அடங்கும். ஷா ஆலமில் கூடும் சிலாங்கூர்ச் சட்டமன்றத்தில் மொத்தம் 56 உறுப்பினர்கள் உள்ளனர். மாநிலச் சட்டங்களை இயற்றுவதும், வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் அளிப்பதும், மந்திரி பெசாரையும் ஆட்சிக்குழுவினரையும் கேள்வி கேட்பதும் இவர்களுடைய தலையாய பணிகள்.

எந்த அரசுக்கு எந்த அதிகாரம் என்பதை நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை வகுத்துள்ளது. குடியுரிமை, கல்வி, மருத்துவம், காவல், தொழிலாளர் நலம் ஆகியவை மத்திய அரசைச் சார்ந்தவை. நிலமும் ஊராட்சியும் மாநில அரசைச் சார்ந்தவை. வீடமைப்பு, சமூகநலம் போன்றவை இரண்டிற்கும் பொதுவானவை.

இதனை அன்றாட வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லையெனில் அது தேசியப் பதிவுத் துறையின் அலுவல், அதாவது மத்திய அரசின் பொறுப்பு. சட்டமன்ற உறுப்பினர் பரிந்துரைக் கடிதம் தரலாம். முடிவு அவர் கையில் இல்லை. தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியரை அனுப்புவது கல்வி அமைச்சு. ஆனால் அப்பள்ளி நிற்கும் நிலத்திற்குத் தனிப் பட்டா வேண்டுமெனில் நில அலுவலகத்தை, அதாவது மாநில அரசின் நிர்வாகத்தை, நாடவேண்டும். கோயில் நிலமும் இடுகாட்டு நிலமும் அவ்வாறே. இவற்றில் சட்டமன்ற உறுப்பினரின் குரலுக்கு வலிமை மிகுதி.

சாலைகளிலும் வேறுபாடு உண்டு. செரண்டா, பத்தாங் காலி, ராசா வழியே செல்லும் முதலாம் எண் சாலை மத்திய அரசுக்குரியது. சிலாங்கூரின் மாநிலச் சாலைகளின் எண் ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கும். சாலையோர எண் பலகையைப் பார்த்தாலே எங்கே முறையிடுவது என்பது விளங்கிவிடும். தோட்டத்திற்குள் ஓடும் செம்மண் சாலையோ பெரும்பாலும் தனியார் நிலத்தில் இருப்பது. அதனைச் செப்பனிடும் பொறுப்பு முதலில் தோட்ட நிர்வாகத்தையே சாரும்.

மூன்றாம் படியில் இருப்பது ஊராட்சி மன்றம். உலு சிலாங்கூர், கோல சிலாங்கூர் மாவட்ட மன்றங்கள் இரண்டும் 2021 ஆம் ஆண்டில் நகராண்மைக் கழகங்களாகத் தகுதி உயர்ந்தன. குப்பை, கால்வாய், சந்தை, வணிக உரிமம், கட்டட வரைபட அனுமதி ஆகியவை அவற்றின் பொறுப்பு. 1976 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, ஒரு மன்றத்திற்கு 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. நாம் வாக்களித்து அவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே மன்றத்தின் பணியில் குறையிருப்பின், நாம் வாக்களித்து அனுப்பிய சட்டமன்ற உறுப்பினர் வழியாக மாநில அரசைக் கேட்பது முறையான வழியாகிறது.

உரிமம், மலைச்சரிவு, கால்வாய் போன்ற செய்திகளைச் சிறியவையெனத் தள்ளிவிடலாகாது. 2022 டிசம்பர் 16 ஆம் நாள் விடியுமுன் பத்தாங் காலி அருகே கூடார முகாமொன்றின்மீது மண் சரிந்து 31 உயிர்கள் மாண்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. அறிக்கையில் ஒற்றை வரியாக வருவது பல உயிர்களின் பாதுகாப்பாகவும் இருக்கக்கூடும்.

வினைச்சொல்லைக் கவனியுங்கள்

அறிக்கையைப் படிக்கும்போது பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களையே கூர்ந்து நோக்கவேண்டும். வேலை எப்படியில் நிற்கிறது என்பதைக் காட்டுவது வினைச்சொல்தான். வழக்கமாக வரும் தொடர்களையும் அவற்றின் உண்மைப் பொருளையும் கீழே தருகிறோம்.

1. ‘மனு சமர்ப்பிக்கப்பட்டது’: கடிதம் போயிருக்கிறது. எந்த அலுவலகத்திற்கு, எந்தத் தேதியில் என்று கேளுங்கள்.

2. ‘பரிசீலனையில் உள்ளது’: கோப்பு ஓர் அதிகாரியின் மேசையில் உள்ளது. முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை.

3. ‘கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது’: வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பணம் இன்னும் ஒதுக்கப்படவில்லை.

4. ‘நிதி ஒதுக்கப்பட்டது’: பணம் ஏட்டில் உள்ளது. எந்த ஆண்டின் ஒதுக்கீடு, எவ்வளவு என்று கேளுங்கள்.

5. ‘குத்தகை வழங்கப்பட்டது’: வேலை செய்பவர் யாரென்று தெரிந்துவிட்டது. தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. ‘பணி நிறைவுற்றது’: நேரில் சென்று பாருங்கள். விளக்கு எரிகிறதா, கால்வாயில் நீர் ஓடுகிறதா என்பதைக் கண்ணால் கண்டபின் ஏற்றுக்கொள்ளுங்கள்.

‘ஆவன செய்யப்படும்’ என்னும் தொடர் இந்த ஆறு படிகளில் எதிலும் சேராதது. அது எதிர்காலம், ஆனால் எந்த நாள் என்று சொல்லாத எதிர்காலம். மேலும் அது செயப்பாட்டுவினை. ‘முருகன் மரத்தை வெட்டினான்’ என்றால் வெட்டியவன் யாரெனத் தெரிகிறது. ‘மரம் வெட்டப்பட்டது’ என்றால் வெட்டியவன் மறைந்துவிடுகிறான். இலக்கணத்தில் அது குற்றமன்று. பொது அலுவலில் மட்டும், செய்பவர் யாரென மக்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இத்தகைய தொடர்கள் யாவும் உண்மையை மறைக்கவே எழுதப்படுகின்றன என்று நாம் கூறவில்லை. அலுவலக நடையில் ஊறிப்போன பழக்கம் அது. தகவல் பணியில் இருக்கும் நம் எழுத்தும் அதற்கு விலக்கன்று. ஆதலின் எழுதுபவர் விட்டுவிட்டதை வாசகர் கேட்டு நிரப்பிக்கொள்ளவேண்டும். யார்? எப்போது? எந்தப் பணத்தில்? இம்மூன்று கேள்விகள் போதும்.

245 குடும்பங்கள் கற்பிக்கும் பாடம்

வட சிலாங்கூர் தோட்ட மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டிற்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த வரலாறு நாடறிந்தது. காத்திருந்த காலத்தில் பிள்ளைகள் வளர்ந்து மணமுடித்துத் தாமும் பெற்றோராயினர். 2024 ஆம் ஆண்டு மே மாதம் கோல குபு பாருவில் சட்டமன்ற இடைத்தேர்தல் நடைபெற்றபோது, இப்பிரச்சினை நாட்டின் கவனத்திற்கு மீண்டும் வந்தது. இக்குடும்பங்களுக்கு வீடுகள் கட்ட மத்திய அரசு நிதி வழங்கும் என்று வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் ஙா கோர் மிங் அக்காலத்தில் அறிவித்தார்.

அறிவிப்பு மகிழ்ச்சிக்குரியது. எனினும் அறிவிப்புக்கும் சாவிக்கும் இடையே பல படிகள் உண்டு. நிலம் உரிய முறையில் மாற்றப்படவேண்டும். அது மாநிலத்தின் நில நிர்வாகம். வரைபடத்திற்கு நகராண்மைக் கழகம் அனுமதி தரவேண்டும். மத்திய அரசின் நிதி வந்துசேரவேண்டும். தகுதியுடையோர் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கப்படவேண்டும். இறந்துபோன குடும்பத் தலைவரின் இடத்தில் யார் பெயர் வரும் என்பதும் தெளிவாகவேண்டும். சாலையும் நீரும் மின்சாரமும் அமையவேண்டும். அதன் பின்னரே வீடு. இவற்றுள் ஒன்று நின்றால் எல்லாமே நின்றுவிடும். மூன்று அரசுப் படிகளும் சேர்ந்து இழுக்கவேண்டிய தேர் இது.

இங்கேதான் சட்டமன்ற உறுப்பினரின் அறிக்கைக்கு உண்மையான பயன் இருக்கிறது. எந்தப் படி முடிந்தது, எந்தப் படி நிற்கிறது, நிற்பதற்குக் காரணம் என்ன என்பதை ஒவ்வோர் அறிக்கையும் மக்களுக்குச் சொல்லவேண்டும். விழாப் படம் பத்து இருப்பதைவிட இந்த மூன்று வரிகள் மேலானவை.

தோட்டத்தில் இன்னும் வேலை செய்வோர் ஒன்றைப் பிரித்தறியவேண்டும். லயத்து வீட்டின் கூரை, நீர், கழிவறை ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரத்தை 1990 ஆம் ஆண்டுச் சட்டமொன்று நிர்ணயிக்கிறது. 2019 இல் அது திருத்தப்பட்டது. அதனைச் செயற்படுத்துவது தொழிலாளர் துறை. குறையிருப்பின் அங்கு முறையிடலாம். ஆனால் அச்சட்டம் வேலைக்கால வீட்டைப் பற்றியது. ஓய்வுக்குப் பின் குடியிருக்கும் வீடு வேறு விவகாரம். அதற்கு முப்பது வயதிலேயே திட்டமிடுவது நலம்.

நம் உரிமையும் கடமையும்

தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் சிலாங்கூர். 2011 ஆம் ஆண்டு நிறைவேறிய அச்சட்டத்தின்கீழ் மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் எழுத்து மூலம் விண்ணப்பித்துத் தகவல் கோரலாம். ஊராட்சி மன்றக் கூட்டங்களும், மன்றமே வேறு முடிவு செய்தாலன்றிப் பொதுமக்களுக்குத் திறந்தவையே. இவ்விரண்டையும் நம்மில் பயன்படுத்தியோர் மிகச் சிலர்.

குடியிருப்புதோறும் ஒரு பதிவுப் புத்தகம் வைக்கும்படி வேண்டுகிறோம். கோயில் மண்டபமோ வாசகசாலையோ அதற்கு ஏற்ற இடம். மனு கொடுத்த நாள், பெற்றுக்கொண்ட அலுவலகம், கோப்பு எண், கிடைத்த பதில் என நான்கு பத்திகள் போதும். மனுவைத் தேசிய மொழியில் எழுதுங்கள். நகலில் பெற்றுக்கொண்டமைக்கான முத்திரை வாங்குங்கள். அறிக்கை வந்ததும் இளைஞர் ஒருவர் அதை உரக்கப் படிக்கட்டும். பெரியோர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்தோர் தாமாகவே வாக்காளராகிவிடுகின்றனர். அவர்களுக்கு இதைவிடச் சிறந்த குடிமைப் பாடம் வேறில்லை.

கேட்கும்போது பணிவு வேண்டும், அச்சம் வேண்டியதில்லை. செய்தவருக்கு நன்றி சொல்வதும் பண்பாடு. செய்யாததை நினைவூட்டுவது பகைமையாகாது.

அந்த அம்மையாருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: “இன்னும் செய்யவில்லை அம்மா. செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். யார், எப்போது என்று நாம்தான் கேட்கவேண்டும்.” அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு பேரனை அழைத்து, தாளின் பின்புறத்தில் அன்றைய தேதியை எழுதச் சொன்னார்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் சட்டமன்றத் தொகுதி எது? நாடாளுமன்றத் தொகுதி எது?

2. உங்கள் குடியிருப்பின் முக்கியக் குறை ஒன்றைக் குறிப்பிடுக. அது மத்திய அரசு, மாநில அரசு, ஊராட்சி மன்றம், தோட்ட நிர்வாகம் ஆகியவற்றுள் எதன் பொறுப்பு?

3. அண்மையில் உங்களுக்கு வந்த தொகுதி அறிக்கையிலுள்ள வினைச்சொற்களை எடுத்தெழுதி, ஒவ்வொன்றும் மேற்கூறிய ஆறு படிகளில் எதைச் சேர்ந்தது எனக் காண்க.

4. ‘ஆவன செய்யப்படும்’ என்னும் தொடரை, செய்பவரும் நாளும் விளங்குமாறு திருத்தி எழுதுக.